கறையானைக் கொல்லாமல் காத்திருந்தோம்



ஏறக்குறைய ஐந்து மாதங்களாக இப்பக்கத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. "டீச்சர், மாற்றலாகிப் போய்விட்டீர்களா?" என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். ஆசிரிய நண்பர் ஒருவர் என் உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். இருவருக்கும் நன்றி. நான் பண்டார் தெங்காராவில்தான், அதே வீட்டில்தான் இருக்கிறேன். எழுதாமல் போனதற்குக் காரணம் கறையான். சிரிக்காதீர்கள்! ஓர் அரிசிமணியைவிடச் சிறிய அந்தப் பூச்சி எங்கள் வீட்டையும் வீட்டிலுள்ளோரையும் பல வாரங்கள் ஆட்டிவைத்தது.

எல்லாம் ஒரு திருமண அழைப்பிதழில் தொடங்கியது.

2008-ஆம் ஆண்டில் நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வகுப்பாசிரியையாக இருந்தேன். மொத்தமே பதினான்கு பேர். அப்போது யுபிஎஸ்ஆர் தேர்வு உண்டு. 2021-இல்தான் அதை எடுத்துவிட்டார்கள். தேர்வு முடிந்து, பாடம் நடத்தவும் முடியாமல் பிள்ளைகளைச் சும்மா விடவும் முடியாமல் இருந்த அந்த வாரங்களில், 'நான் வளர்ந்த பின்' என்ற தலைப்பில் ஆளுக்கொரு பக்கம் எழுதச் சொன்னேன். தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, "இதை இப்போது திருத்த மாட்டேன். உங்கள் திருமணத்தன்று மொய்யோடு சேர்த்துத் திருப்பித் தருவேன்" என்றேன். பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். ஆனால் யாரும் மறக்கவில்லை. இதுவரை ஐந்து பேருக்குக் கொடுத்துவிட்டேன். அதில் ஒருவன் தன் தாளை மணமேடையிலேயே உரக்கப் படித்தான். விமானியாகப் போவதாக எழுதியிருந்தவன் இன்று லாரி நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருக்கிறான். மண்டபமே சிரித்தது.

ஆறாவது அழைப்பிதழ் வந்ததும் ஸ்டோர் அறைக்குப் போய், மர அலமாரியின் அடித்தட்டிலிருந்து அட்டைப்பெட்டியை இழுத்தேன். அது கையோடு வந்துவிட்டது. அவ்வளவு இலேசு. வெளிப்பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே ஈரமண்! எழுத்தட்டைகள், வகுப்புப் படங்கள், என் பயிற்சிக் கல்லூரிக் குறிப்பேடுகள் எல்லாம் இருந்த இடத்தில், தாள்களின் உருவத்திலேயே அடுக்கடுக்காக மண். கையை விட்டுத் துழாவினேன். ஒன்பது தாள்களையும் சேர்த்துக் கோத்திருந்த இரும்புக் கிளிப் மட்டும் கிடைத்தது.

கறையான் செய்யும் வேலையின் இயல்பே இதுதான் என்று இப்போது தெரிகிறது. வெளிச்சமும் காற்றும் படாமல் உள்ளிருந்தே தின்னும், மேல்தோலை விட்டுவைக்கும். நாம் கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். தில்லையில் பூட்டிய அறைக்குள் தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்ததையும், இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியவற்றை மீட்டதையும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. வகுப்பில் அக்கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். போன பாடல்களைப் பற்றி ஒரு நொடிகூட நின்று நினைத்ததில்லை. அன்று ஸ்டோர் அறைத் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நினைத்தேன்.

இடையில் ஆசிரியைக்குரிய ஒரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்தருள்க. பிள்ளைகள் மட்டுமல்லர், நாளிதழ்களும் இதைப் பலமுறை 'கரையான்' என்று எழுதுகின்றன. இடையின ரகரம் போட்டால் அது கரையில் வாழும் மீனவரைக் குறிக்கும் சொல்லாகிவிடும். பூச்சிக்கு வல்லின றகரம்: கறையான். செல், சிதல் என்ற பழைய பெயர்களும் உண்டு. 'செல்லரித்தது' என்கிறோமே, அந்தச் செல் இதுதான். வெள்ளெறும்பு என்பது மட்டும் பொருந்தாத பெயர். கறையான் எறும்பினம் அன்று. பிறப்பால் கரப்பான் பூச்சிக்கு உறவு.

வீட்டில் விசாரணை தொடங்கியது. என் கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்ப்பவர்; எதற்கும் உடனே ஒரு குற்றவாளி வேண்டும் அவருக்கு. எங்கள் வீடு தாமானின் கடைசி வரிசையில் இருக்கிறது. பின்வேலிக்கு அப்பால் செம்பனைதான். வேலியோரத்தில் முழங்கால் உயரத்திற்கு ஒரு புற்று இருந்தது. அதைத் தொடக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அம்மா பால்மரத் தோட்டத்தில் பிறந்து, பால்மரமும் செம்பனையும் மாறி மாறிப் பார்த்து ஓய்ந்தவர். தோட்டத்தில் புற்றிருந்த இடத்தில்தான் அம்மனுக்கு விளக்கேற்றுவார்கள். அந்த வழக்கத்தை விடாமல் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வேலியோரப் புற்றுக்கும் மஞ்சள் தடவிச் சூடம் கொளுத்துவார். மழைக்குப் பின் அதனருகில் முளைக்கும் புற்றுக்காளானை ஆய்ந்து குழம்பு வைப்பார். அந்தச் சுவைக்கு நான் வேறொன்றும் ஈடு சொல்ல மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கணவர் மண்வெட்டியால் புற்றை வெட்டிச் சாய்த்து மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டார். அம்மா திரும்பி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மதியம் சாப்பிடவில்லை. மாலையில் என்னிடம் மட்டும், "அது பாட்டுக்கு வெளியில கெடந்துச்சு. வீட்டுக்குள்ள அது வந்ததை நீ பார்த்தியா?" என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. ஆனால் அதை அப்போது கேள்வியாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

இதற்கு முன்பே ஒருமுறை நாங்கள் ஏமாந்திருந்தோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் பருமனுக்கு ஒரு மண்குழாய் ஏறியிருந்தது. பெயர் எழுதாத வேனில் வந்த ஒருவர் 250 ரிங்கிட் வாங்கிக்கொண்டு அதன்மேல் மருந்தடித்தார். மறுநாளே குழாய் காய்ந்துவிட்டது. 'வேலை சுத்தம்' என்று மகிழ்ந்தோம். நடந்தது என்னவென்றால், குழாயிலிருந்த சில நூறு கறையான்கள் செத்தன. கூட்டிலிருந்தவை அந்த வழியைக் கைவிட்டுச் சுவருக்குள் வேறு வழி பிடித்து ஸ்டோர் அறைக்குப் போயின. என் அட்டைப்பெட்டிக்கு வழிகாட்டியது அந்த மருந்தாகக்கூட இருக்கலாம். அவரிடம் உரிமம் இருந்ததா என்று நாங்கள் கேட்கவேயில்லை. 1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் இத்தொழிலைச் செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அன்பார்ந்த பெற்றோர்களே, வீட்டுக்கு யாரை அழைத்தாலும் முதலில் அந்த அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமொன்றும் இல்லை.

இம்முறை உரிமமுள்ள நிறுவனத்தை அழைத்தோம். கூலாயிலிருந்து ஒரு மலாய் இளைஞர் வந்தார். கையில் திருப்புளியும் டார்ச் விளக்கும் மட்டும். மருந்துத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்த எனக்குச் சற்று ஏமாற்றந்தான். வீட்டைச் சுற்றி வந்து, கதவு நிலைகளைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டித் தட்டிக் கேட்டார். நல்ல மரம் 'டொக்' என்றது. ஸ்டோர் அறை நிலை வெற்று டப்பாபோல் ஒலித்தது. அங்கே ஓரிடத்தில் மெல்லக் கீறினார். வெள்ளைப் பூச்சிகள் சிதறின. தலை மஞ்சளாக இருந்த ஒன்றை இடுக்கியால் பிடித்து, என் மகனுடைய உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் காட்டினார். அதன் நெற்றியிலிருந்து பால்போல் ஒரு துளி வடிந்தது.

"சிக்கு, இதுதான் வீட்டைத் தின்பது" என்றார். கோப்டோடெர்மெஸ் கெஸ்ட்ரோய் என்பது அதன் அறிவியல் பெயர். நம் நாட்டு நகர்ப்புற வீடுகளைத் தாக்கும் கறையான்களில் முதலிடம் இதற்குத்தான். இது மேட்டுப் புற்று கட்டுவதில்லை. நிலத்தடியிலோ, புதைந்து கிடக்கும் அடிமரத்திலோ, ஈரமுள்ள சுவர்ப் பொந்திலோ கூடு வைத்து, அங்கிருந்து பல மீட்டர் தூரம் சுரங்கம் போட்டு இரை தேடும். ஒரு கூட்டில் இலட்சக்கணக்கில் இருக்கும்.

பிறகு வேலியோரத்துக்குப் போய், வெட்டிச் சாய்த்த புற்றைப் பார்த்தார். அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தவை வேறு வகை. வீரர்கள் செந்தலையும் பெரிய கொடுக்குத் தாடையுமாக இருந்தன. அது மேக்ரோடெர்மெஸ் இனம். காய்ந்த இலை, சருகு, பட்ட மரம் ஆகியவற்றைத் தின்று, புற்றுக்குள் ஒருவகைப் பூஞ்சையைப் பயிர் செய்து உண்ணும் உழவர் கூட்டம். அம்மா குழம்பு வைத்த காளான் அந்தப் பூஞ்சை மண்ணுக்கு மேலே விடும் குடைதான்! இந்த இனமும் சில நேரங்களில் வீட்டுக்குள் வருவதுண்டு என்றாலும், எங்கள் ஸ்டோர் அறையைத் தின்றது இதுவன்று.

இளைஞர் சொன்னதை நான் தமிழில் சொல்வதற்கு முன்பே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. தோட்டத்து மலாய் அவருக்கு நன்றாகத் தெரியும். மருமகனைப் பார்த்தார். "மாப்பிள, கேட்டுக்கிட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான். கணவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்தார்.

இனி என்ன செய்வது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. இளைஞர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, சுவரோரமாகத் தரையில் வரிசையாகத் துளையிட்டு மண்ணுக்குள் மருந்தை ஏற்றுவது. எங்கள் வீட்டுக்கு அவர் சொன்ன விலை 1,400 ரிங்கிட். மற்றது, இரைப்பெட்டி வைப்பது. ஓராண்டுப் பார்வையிடலோடு 2,800. கணவர் முதலாவதின் பக்கம். "பாதி விலை, ஒரே நாள் வேலை" என்றார். நியாயந்தான். வீட்டுக் கடனும் மகளின் பல்கலைக்கழகச் செலவும் இருக்கும்போது 1,400 ரிங்கிட் வித்தியாசம் சிறியதன்று.

ஆனால் மண்மருந்து ஓர் அரண்தான். கறையான் வீட்டுக்குள் நுழையாமல் தடுக்கும்; தொட்டவை சாகும்; தொலைவிலுள்ள கூடு பல நேரங்களில் அப்படியே இருக்கும். வீடு கட்டுமுன் வெறுமண்ணில் இதைச் செய்தால் மிக நன்று. கட்டி முடித்து ஓடு பதித்த வரிசை வீட்டில், பக்கத்து வீட்டாரோடு சுவரைப் பங்குபோடும் நாங்கள், எல்லா இடமும் துளையிட முடியாது. விட்ட ஓர் இடைவெளி போதும் அதற்கு. மண்மருந்தின் பழங்கதையும் மனத்தை உறுத்தியது. ஒரு காலத்தில் உலகெங்கும் கறையானுக்கென்று வீட்டடியில் குளோர்டேன் ஊற்றினார்கள். பல ஆண்டுகள் மண்ணில் அழியாமல் கிடப்பதே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. பிறகு அதுவே அதன் குற்றமாயிற்று. 1988-இல் அமெரிக்கா நிறுத்தியது. 2001-இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலக அளவில் விலக்க வேண்டிய நச்சுகளில் ஒன்றாகச் சேர்த்தது. இன்று பயன்படும் மருந்துகள் வேறு. அவற்றைப் பழையதோடு ஒன்றாக்கிப் பேசுவது முறையாகாது. இருந்தாலும் அம்மா வெறுங்காலோடு நடக்கும் வீடு இது.

இரைப்பெட்டியின் கருத்து முற்றிலும் வேறு. தைவானில் பிறந்த நான்-யாவ் சூ என்னும் ஆய்வாளர் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் உழைத்து வளர்த்த முறை. 1995-இல் விற்பனைக்கு வந்தது. நியூயார்க்கிலுள்ள சுதந்திரதேவி சிலை வளாகத்தைக்கூடக் கறையான் விடவில்லை. அங்கே இம்முறையால் அதை ஒழித்ததை 1998-இல் கட்டுரையாக எழுதினார்கள். நம் நாட்டில் பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லீ சௌ-யாங்கும் அவருடைய மாணவர்களும் நம் மண்ணின் கறையான்களில் இதைச் சோதித்தார்கள். எது ஒத்துவருகிறது, எது ஒத்துவரவில்லை என்பதை மறைக்காமல் எழுதினார்கள். அந்த இரண்டாவது பகுதி பின்னால் எங்களுக்கும் வேண்டியிருந்தது.

வேலை செய்யும் விதம் இது. பூச்சிகளின் மேல்தோல் கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறாலின் ஓட்டிலும் அதுதான் இருக்கிறது. வளரும்போது பழைய தோலைக் கழற்றிப் புதிய தோல் போட வேண்டும். இரையிலுள்ள மருந்து (ஹெக்ஸாஃப்ளுமுரோன் அவ்வகையில் முதலாவது) புதிய கைட்டின் உருவாவதைத் தடுக்கிறது. தின்ற கறையான் உடனே சாவதில்லை. நன்றாகவே நடமாடும். கூட்டுக்குத் திரும்பும், தான் தின்றதை வாயிலிருந்து வாய்க்கு மற்றவற்றுக்கு ஊட்டும். தானே தின்ன முடியாத வீரனுக்கு, குஞ்சுக்கு, அரசிக்கு எல்லாம் இப்படித்தான் உணவு. தோலுரிக்கும் நாள் வரும்போதுதான் சாவு வருகிறது. அந்நாள் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு. ஆகவே செத்தவற்றைப் பார்த்து மற்றவை அந்த இரையைச் சந்தேகிப்பதில்லை. மனிதரும் பாலூட்டிகளும் கைட்டின் தோல் போடுவதில்லை என்பதால் நமக்கு அந்த வழியில் ஆபத்து இல்லை. அதற்காகப் பெட்டியைத் திறந்து விளையாடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

மெதுவாகக் கொல்வதே இதன் வலிமை. வேகமாகக் கொன்றால் தோல்வி. எனக்கு இது பிடித்துப்போனது. கணவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனாலும், "உன் பெட்டியைத்தானே தின்னுச்சு, நீயே முடிவு செய்" என்று விட்டுக்கொடுத்தார்.

இளைஞர் ஸ்டோர் அறை நிலையில், கறையான் ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கு நேர்மேலே, சோற்று டப்பா அளவில் ஒரு நெகிழிப் பெட்டியைப் பொருத்தினார். உள்ளே நனைத்த அட்டைக்கூழ்போல் இரை. சமையலறையில் இன்னொன்று. வீட்டைச் சுற்றி மண்ணில், ஏறக்குறைய மூன்று மீட்டருக்கு ஒன்றாக, மரத்துண்டு வைத்த குழல்களைப் புதைத்தார். அவை பின்னால் வரக்கூடியவற்றை வேவு பார்க்க. போகும்போது ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: "தொடாதீர்கள். மருந்தடிக்காதீர்கள். மண்குழாயைத் துடைக்காதீர்கள். அவை நன்றாகச் சாப்பிடட்டும்."

கேட்பதற்கு எளிது. செய்து பாருங்கள்!

நம் வீட்டுச் சுவரில் மண்குழாய் நாளுக்கு நாள் தடிக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய இரையைக் கூட்டங்கூட்டமாகத் தின்கின்றன. அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அம்மா தினமும் காலையில் துடைப்பத்தோடு அந்த இடத்தில் நின்று, கை துறுதுறுக்க, என்னைப் பார்ப்பார். "ஊஹூம்" என்பேன். பெருமூச்சோடு நகர்ந்துவிடுவார். அம்மாவைத்தான் காவல் காக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். கெடுத்தது நான்.

மூன்றாவது வாரத்தில் ஓரிரவு. தேர்வுத் தாள் திருத்தி முடிக்க மணி பன்னிரண்டாகிவிட்டது. தண்ணீர் குடிக்கப் போனவள், சமையலறைப் பெட்டியின் ஓரத்திலிருந்து ஒரு புதிய குழாய் கிளம்பி, மேலே புத்தகத் தட்டை நோக்கி ஒரு சாண் ஏறியிருப்பதைக் கண்டேன். அந்தத் தட்டில் என் மகனுடைய பள்ளி ஏடுகள். என்ன நினைத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. சமையலறையில் இருந்த கரப்பான் மருந்துக் குப்பியை எடுத்து, குழாய் முழுக்க, பெட்டியின் விளிம்பு வரைக்கும் அடித்துவிட்டேன். அவை உதிர்ந்து விழுவதைப் பார்த்தபோது மனத்துக்கு மிகவும் இதமாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? அந்தத் தாள்கள் ஒன்பதையும் நினைத்துக்கொண்டே அடித்தேன்.

காலையில் அம்மா மணத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "என்னையத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டு..." என்று தொடங்கினார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பெட்டிக்கு அதன்பின் ஒரு கறையான்கூட வரவில்லை. அடுத்த வாரம் வந்த இளைஞர் திறந்து பார்த்தார். இரை பாதி மீந்திருந்தது, உயிர் ஒன்றுமில்லை. கரப்பான் மருந்தின் வாடைக்கே அவை அஞ்சி விலகும் என்றார். "யார் அடித்தது?" என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பாராமல் கழற்றத் தொடங்கினார். பல வீடுகளில் இதையே பார்த்திருப்பார் போலும். பெட்டியை அங்கிருந்து எடுத்து, ஸ்டோர் அறை நிலையின் மறுபக்கம் புதிய இரையோடு வைத்தார். நல்லவேளையாக அங்கே ஓட்டம் நிற்கவில்லை. ஆறேழு வாரங்களில் முடியவேண்டியது ஒன்பது வாரம் ஆனதற்கு நானே பொறுப்பு.

திருமணம் இதற்கிடையில் வந்தது. மொய் உறையோடு அந்த இரும்புக் கிளிப்பையும் எடுத்துப் போனேன், எதற்கென்று தெரியாமல். மணமகள் இன்று ஜொகூர் பாருவில் தாதியாக வேலை செய்கிறாள். நடந்ததைச் சொல்லி, "தாளைக் காப்பாற்ற முடியவில்லையம்மா" என்றேன். அவள் சிரித்தபடி, "டீச்சர், நான் அதுல என்ன எழுதினேன்னே எனக்கு ஞாபகமில்லை. உங்களுக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். எனக்கும் நினைவில்லை. தாதியாக வேண்டும் என்று எழுதியவள் அவளா, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளா என்பதுகூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புகைப்படம் எடுக்க அழைத்தார்கள், போய் நின்றேன். கிளிப் என் கைப்பையிலேயே இருக்கிறது.

ஏழாவது வாரத்தில் பெட்டிக்குள் மாற்றம் தெரிந்தது. வேலைக்காரக் கறையான்கள் பழைய சுறுசுறுப்பின்றி மந்தமாக நகர்ந்தன. உடலில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் திட்டுகள். எப்போதும் சிறுபான்மையாக இருக்கும் மஞ்சள் தலை வீரர்கள் திடீரென்று மிகுந்து காணப்பட்டன. வீரர்கள் பெருகவில்லை; அவை தோலுரிப்பதில்லை, ஆகவே மீந்து நிற்கின்றன. வேலைக்காரர்கள் குறைந்துவிட்டனர். ஊட்டிவிட ஆளில்லாமல் வீரர்களும் பசியால் மடியும் என்றார் இளைஞர். ஐந்தாம் ஆண்டில் படிக்கும் என் மகன் கண்ணாடி வைத்து எண்ணினான். ஒரு கரண்டி இரையில் 31 வீரர், 12 வேலைக்காரர். "அம்மா, பாவமா இருக்கு" என்றான். எனக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் இருந்தது. ஒன்பதாவது வாரம் திறந்தபோது உலர்ந்த மண்ணும் துர்நாற்றமும் மட்டுமே இருந்தன.

நிலையைக் கழற்றிய தச்சர் அதை ஒரு கையால் தூக்கி வெளியே போட்டார். உள்ளே தேனடைபோல் இருந்தது. புதிய நிலை இரும்பில் வைத்தாயிற்று. அதைக் கறையான் தின்னாது. ஆனால் சுவரோரமாக ஏறி உள்ளே போகும், ஆகவே குழல்கள் அங்கேயே இருக்கும். பெட்டிகளைச் சுவரோடும் தரையோடும் ஒட்டி வைப்பதில்லை. தண்ணீர்க் குழாயின் ஒழுக்கை அடைத்தோம். ஸ்டோர் அறைச் சுவரை ஈரமாக வைத்திருந்ததே அதுதான் என்பது பின்னால் விளங்கியது. வீடு கட்டியவர்கள் முற்றத்துக்கு அடியில் பலகைகளைப் புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தோண்டி எடுத்தோம், மூன்று தள்ளுவண்டி.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று. பள்ளிக்கூடத்துப் பண்டக அறையை இந்த வாரமே போய்ப் பாருங்கள். பழைய வருகைப் பதிவேடுகள், விளையாட்டுப் போட்டிப் பரிசுப் பட்டியல், மூடப்பட்ட தோட்டப் பள்ளிகளிலிருந்து வந்த கோப்புகள் எல்லாம் நம் பள்ளிகளில் பெரும்பாலும் மர அலமாரியின் அடித்தட்டில்தான் கிடக்கின்றன. அவற்றுக்கு வேறு படி கிடையாது. நான் எங்கள் பள்ளியில் மறுவாரமே தலைமையாசிரியரிடம் சொல்லி இரும்பு அடுக்குக்கு மாற்றினேன். முக்கியமானவற்றை இரண்டு சனிக்கிழமைகளில் பெற்றோர் சிலர் உதவியோடு கைப்பேசியால் படமெடுத்து வைத்தோம். முன்பே செய்திருக்கலாம்.

சென்ற வாரம் காலாண்டுப் பார்வைக்கு இளைஞர் வந்தார். சுற்றிலும் எல்லாக் குழல்களும் சுத்தம். வேலியோரத்தில் உள்ள ஒன்றைத் தவிர. அதிலிருந்த மரத்துண்டை எதுவோ அரித்திருந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் செந்தலை வீரர்கள். பழைய புற்றுக்காரர்கள்! மண்ணெண்ணெயும் மண்வெட்டியும் மேட்டைத்தான் அழித்திருந்தன. அரசி அடியாழத்தில் பிழைத்திருந்தாள். அருகில் கைப்பிடி அளவில் புதுமண் எழும்பியிருந்ததை அதன்பின்தான் கவனித்தோம்.

இந்த இனத்துக்கு இரைப்பெட்டி அவ்வளவாகப் பயன்படாது என்று இளைஞர் சொன்னார். பினாங்கு ஆய்வாளர்கள் எழுதியதும் அதுவே. இரையை ஒழுங்காகத் தின்பதில்லை. தின்றாலும் நடுவில் பூஞ்சைத் தோட்டம் இருப்பதால் கதை வேறு. வீட்டை ஆண்ட முதல் கறையான் ஒழிந்த இடத்துக்கு இவை வருவதும் உண்டாம். வேண்டுமானால் புற்றைத் தோண்டி நேரடியாக மருந்து ஊற்றலாம் என்றார். கணவர் வாய் திறக்கவில்லை. கொட்டகையின் பக்கம்கூடப் பார்க்கவில்லை.

அம்மாதான் பேசினார். வீட்டுச் சுவருக்கும் அந்தப் புதுமண்ணுக்கும் எத்தனை அடி என்று கேட்டார். இளைஞர் அளந்து, இருபத்திரண்டு என்றார். "அந்தக் குழாயை மட்டும் செவுத்துப் பக்கமா நகத்தி வைக்கச் சொல்லு. அதுங்க வந்து தின்னுச்சுன்னா அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். இளைஞர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். குழலைப் பிடுங்கி, சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் புதைத்து, வரைபடத்தில் எண்ணை மாற்றி எழுதிக்கொண்டார்.

அடுத்த பார்வை பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில்.